‘ஜான் டோரி’ என்றொரு மீன்

ஆங்கில அகராதியைப் புரட்டும்போது சில சொற்கள் நம்மை மேலே போகவிடாமல் நிறுத்தி வைத்து விடுகின்றன. ‘ஜான் டோரி’ அத்தகைய சொற்களில் ஒன்று. முதன்முறை கேட்பவர் இதனை ஓர் ஆளின் பெயர் என்றே எண்ணுவர். பங்குப் பதிவேட்டில் திருமுழுக்குப் பெற்றவர் வரிசையில் இப்பெயர் இருந்தாலும் நாம் வியப்படைய மாட்டோம். அகராதி கூறும் பொருளோ வேறு. அது உண்ணத் தகுந்த ஒரு கடல் மீன். ஆங்கிலக் கதைகளிலும் பயண நூல்களிலும் உணவு விடுதிப் பட்டியல்களிலும் எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் இச்சொல், பாடநூல்களில் வருவதில்லை, தேர்விலும் கேட்கப்படுவதில்லை. எனினும் இதன் வேரைத் தேடிச் சென்றால் பொன், பாட்டு, கடற்கொள்ளைக்காரன், திருத்தூதர், தச்சர் என்று எங்கெங்கோ நம்மை இட்டுச் செல்கிறது. அந்த வழியே இந்தக் கட்டுரையில் நாமும் சற்று நடந்து பார்ப்போம்.

முதலில் மீனைப் பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம். நமக்குத் தெரிந்த வவ்வால் மீனைப் போல இதுவும் உயரமான, இரு பக்கமும் அமுங்கிய, தட்டு வடிவ உடல் கொண்டது. ஆனால் வவ்வால் மீனுக்குள்ள நயமான முகம் இதற்கு இல்லை. பெரிய தலை, பெரிய கண்கள், கீழ்நோக்கித் தொங்கும் வாய் எல்லாம் சேர்ந்து, எதையோ இழந்துவிட்டுத் துயரப்படும் கிழவரின் தோற்றத்தை அதற்குத் தருகின்றன. முதுகுத் துடுப்பில் பத்து நீண்ட முட்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் இழை இழையாக நீளும் சவ்வு. உடலின் நிறம் ஒலிவக் காயின் பசுமையும் மஞ்சளும் கலந்தது. பக்கத்துக்கு ஒன்றாக, நடுவில் கரும்புள்ளி. அதைச் சுற்றி வெளிர்மஞ்சள் வளையம். யாரோ கரி படிந்த விரலால் அழுத்திப் பிடித்தது போன்ற அந்தப் புள்ளியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

இந்த மீன் விரைந்து நீந்தும் ஆற்றல் அற்றது. ஆகவே வேட்டையில் அது கையாளும் முறை விந்தையானது. இரையை நேருக்கு நேர் நோக்கி மெதுவாக நெருங்கும். பக்கவாட்டில் பெரிதாகத் தெரியும் அதே மீன் எதிரிலிருந்து பார்த்தால் ஒரு கோடு போலத்தான் தெரியும். ஆகையால் சிறு மீன் தன்னை நெருங்கும் ஆபத்தை உணர்வதில்லை. போதிய அருகில் வந்ததும், மடிந்திருந்த தாடை ஒரு குழாய் போல முன்னே பாய்ந்து நீட்டிக்கொள்ளும். நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்துப் புள்ளி ஒரு பெருங்கண் போலத் தோன்றி எதிரிகளைக் குழப்ப உதவுகிறது என்று உயிரியலார் கருதுகின்றனர். கிழக்கு அட்லாண்டிக் கடலிலும், மத்தியதரைக் கடலிலும், தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகிய நாடுகளின் கரைகளை ஒட்டியும் இது வாழ்கிறது. நம் ஊர் மீன் சந்தைகளுக்கு வழக்கமாக வருவதன்று. தலையும் எலும்பும் பெரியவை என்பதால், வாங்கிய எடையில் பாதிக்கும் குறைவான சதையே சமையலுக்குத் தேறும். ஆனால் அந்தச் சதை வெண்மையானது, உறுதியானது, சுவைமிக்கது என்பர். 1754இல் உடல்நலம் தேடிக் கப்பலில் லிஸ்பனுக்குச் சென்ற நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங், வழியில் டெவன் மாநிலக் கரையில் கிடைத்த இம்மீனைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அவர் அவ்வாண்டே லிஸ்பனில் காலமானார். அப்பயண நூல் 1755இல் வெளிவந்தது. அதே காலத்து நாடக நடிகர் ஜேம்ஸ் க்வின் இம்மீனை உண்பதற்காகவே ப்ளிமத் வரை பயணம் செய்ததாகச் சொல்வார்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். ‘டோரி’ என்ற பின்பகுதியில் சிக்கல் எதுவும் இல்லை. பிரெஞ்சு மொழியில் ‘டோரே’ என்றால் பொன் முலாம் பூசப்பட்டது என்று பொருள். மீனின் மஞ்சள் மினுமினுப்பைக் கண்டு அப்பெயர் வைத்தனர். நடு ஆங்கிலக் காலத்திலேயே அது இங்கிலாந்துக்கு வந்து, ஆங்கிலேயர் நாவில் ‘டோரி’ ஆயிற்று. பிரெஞ்சுச் சொல்லின் தாய், இலத்தீனில் பொன்னைக் குறிக்கும் ‘அவுரும்’. வேதியியல் வகுப்பில் தங்கத்தின் குறியீடு ஏன் ஆங்கில ஜீ எழுத்தில் தொடங்காமல் ஏ, யூ என்று அமைந்திருக்கிறது எனக் கேட்கும் மாணவியருக்கு விடை இதுவே. அதே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் பல. பொன்னாலான நாடு என்று ஸ்பானியர் தேடி அலைந்த ‘எல் டொராடோ’ ஒன்று. ‘ஓரியோல்’ என்னும் பறவை மற்றொன்று. அதுவே நம் தோப்புகளில் பொன்னிறமாய்ப் பறந்து திரியும் மாங்குயில். கோயில் சுரூபங்களிலும் திருப்படங்களிலும் புனிதர்களின் தலையைச் சூழ்ந்து நாம் காணும் ஒளிவட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஆரியோல்’ என்றொரு பெயர் உண்டு. அதுவும் பொன்முடி என்ற பொருளில் இவ்வேரிலிருந்து வந்ததே. கடல் மீனும் புனிதர் தலை ஒளியும் ஒரே சொற்குடும்பத்தில் பிறந்தவை என்பது எண்ணிப் பார்க்க இனிமையாயிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. டாரதி, தியடோரா என்னும் பெயர்களை உடைய மாணவியர் தம் பெயரிலும் பொன் இருப்பதாக மகிழ வேண்டாம். அவற்றிலுள்ள ‘டோர்’ கிரேக்க மொழியில் கொடை என்று பொருள்படும் வேறொரு சொல். டாரதி என்றால் இறைவனின் கொடை. பொன்னைவிட அது குறைந்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வாறே, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மீனவர் ஓட்டிய தட்டையடி மரப் படகுக்கும் ‘டோரி’ என்றே பெயர். அதற்கும் மீனுக்கும் உறவில்லை. நடு அமெரிக்கப் பழங்குடியான மிஸ்கிட்டோ மக்களின் மொழியிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. ‘டோரி’யைக் கேட்டவுடன் நம் ‘தோணி’ நினைவுக்கு வரக்கூடும். நம் தோணியும் ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொல்தான். ஆங்கிலோ-இந்திய அகராதியில் அதற்கென்று தனி இடமே இருக்கிறது. ஆனால் அது தனிவழியே சென்றது. ஒலி ஒத்திருப்பதை மட்டும் கண்டு உறவு கொண்டாடுவது சொல்லாராய்ச்சியில் மிகவும் எளிதாக நேரும் பிழை.

அந்தப் பிழைக்கு இம்மீனின் முன்பகுதிப் பெயரே நல்ல எடுத்துக்காட்டு. ‘ஜான்’ எங்கிருந்து வந்தது? வெறும் ‘டோரி’யாக இருந்த மீனுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே ‘ஜான்’ சேர்ந்தது. இதற்கு மூன்று விளக்கங்கள் வழங்கி வருகின்றன. பிரெஞ்சில் ‘ழோன்’ என்றால் மஞ்சள். ஆகவே ‘ழோன் டோரே’, அதாவது பொன்மஞ்சள், திரிந்து ‘ஜான் டோரி’ ஆயிற்று என்பது முதல் விளக்கம். கேட்பதற்கு அழகாயிருக்கிறது. ஆனால் பிரெஞ்சுக்காரர் தங்கள் மீனை ‘டோரே’ என்று அழைத்தனரேயன்றி ‘ழோன் டோரே’ என்று அழைத்த வழக்கத்துக்குச் சான்றில்லை. இரண்டாவது விளக்கம் இத்தாலியையும் புனித பேதுருவையும் நாடுகிறது. விண்ணகத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருக்கும் அவர் வாயிற்காவலர். வாயிற்காவலருக்கு ‘ஜானித்தோரே’ என்று பெயர். அதுவே ஜான் டோரி ஆயிற்றாம். இதையும் அகராதி ஆசிரியர்கள் ஏற்பதில்லை. முன்னதைவிட இது கெட்டிக்காரத்தனமானது; கெட்டிக்காரத்தனமே இதன்மேல் நமக்கு ஐயத்தையும் எழுப்புகிறது.

மூன்றாவது மிகவும் சாதாரணமானது. ஆகவே உண்மைக்கு மிக அருகில் உள்ளது. ஆங்கிலேயர் தங்களுக்குப் பழக்கமான உயிரினங்களுக்கு மனிதப் பெயர் சூட்டி விளையாடும் வழக்கம் உடையவர்கள். சிவந்த மார்புடைய சிறு பறவைக்கு ராபின், சிறிய ரென் பறவைக்கு ஜென்னி, ஒருவகைக் காகத்துக்கு ஜாக் என்று பெயர் வைத்தனர். ‘மேக்பை’ என்ற பறவைப் பெயரில் முன்னே நிற்பது மார்கரெட் என்பதன் செல்லப் பெயர். ஆண் பூனைக்கு டாம். அந்த வரிசையில் டோரிக்கு ஜான் கிடைத்தது. இதற்குத் துணையாக ஒரு பாட்டும் இருந்தது. 1609இல் இலண்டனில் அச்சான ஒரு பாடல் தொகுதியில் ‘ஜான் டோரி’ என்னும் கதைப்பாட்டு இருக்கிறது. பிரெஞ்சு மன்னருக்கு ஆங்கிலேயரைச் சிறைபிடித்துத் தருவதாகச் சூளுரைத்த ஜான் டோரி என்ற கப்பல் தலைவனை, கார்ன்வால் நாட்டு வீரன் ஒருவன் கடலில் எதிர்த்துச் சிறைபிடித்த கதை அது. ஊரெல்லாம் அப்பாட்டைப் பாடி வந்த காலத்தில், ‘டோரி’ என்று சொன்னவுடன் முன்னே ‘ஜான்’ தானாக நாவில் வந்திருக்கலாம். ஆகவே இந்த ஜான், நம் முன்னோர் அருளப்பர் என்று போற்றிய புனித யோவான் அல்லர். தெருவில் போகும் எவனோ ஒரு ஜான்.

ஆங்கிலேயர் இப்படி விளையாட்டாய்ப் பெயர் வைத்திருக்க, ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகள் அதே மீனை வணக்கத்தோடு அழைத்தன. பிரெஞ்சில் அதற்கு இன்று வழங்கும் பெயர் ‘சேன் பியேர்’. ஸ்பெயினில் ‘சான் பெத்ரோ மீன்’, இத்தாலியில் ‘சான் பியேத்ரோ மீன்’, ஜெர்மனியில் ‘பேட்டர்ஸ் ஃபிஷ்’. நான்கும் ஒரே பொருளன: புனித பேதுருவின் மீன். நம் பாட்டிமார் வழக்கில் சொன்னால் இராயப்பர் மீன். கிரேக்கத் தீவுகளின் மீனவர் இன்னும் ஒருபடி மேலே சென்று ‘கிறிஸ்து மீன்’ என்கின்றனர். ஸ்பெயினின் கலீசியப் பகுதியிலோ அது புனித மார்ட்டினுக்கு உரியது. கடலில் ஒரே மீன். கரைதோறும் ஒரு பாதுகாவலர்!

பேதுருவின் பெயர் வந்த காரணம், முன்பு மனத்தில் வைக்கச் சொன்ன அந்தக் கரும்புள்ளி. மத்தேயு நற்செய்தி 17ஆம் அதிகாரத்தின் இறுதியை அனைவரும் அறிவோம். கப்பர்நாகும் ஊரில் கோயில் வரி தண்டுவோர் பேதுருவிடம் வந்து, உங்கள் போதகர் வரி செலுத்துவதில்லையா என்று கேட்கின்றனர். இயேசு பேதுருவைக் கடலுக்கு அனுப்பி, தூண்டில் போட்டு முதலில் அகப்படும் மீனின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்கிறார். அதில் ஒரு நாணயம் இருக்கும். அதை எடுத்து இருவருக்குமாகச் செலுத்த வேண்டும். இதிலுள்ள கணக்கு நுட்பமானது. ஆளொன்றுக்கு வரி இரண்டு திராக்மா. மீன் வாயில் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட நாணயம் ஸ்தாத்தேர், அதாவது நான்கு திராக்மா. எருசலேம் கோயில் ஏற்றுக்கொண்ட தீர் நகரத்து வெள்ளிக்காசின் எடை ஏறத்தாழ 14 கிராம். இருவருக்கும் சரியாகப் போயிற்று, மீதமும் இல்லை, குறையும் இல்லை. பேதுரு அம்மீனைப் பிடித்தபோது அவருடைய கட்டைவிரலும் சுட்டுவிரலும் பதிந்த இடங்களே இருபக்கக் கரும்புள்ளிகள் என்று பக்தியுள்ள மக்கள் சொல்லி வந்தனர்.

இக்கதையை நாம் எவ்வாறு ஏற்பது? நற்செய்தியை மறுபடியும் படித்துப் பார்ப்போம். அதில் மீனின் பெயர் இல்லை. விரல் தடமும் இல்லை. இவை இரண்டும் பிற்கால மக்களின் அன்பு சேர்த்தவை. மேலும் கலிலேயக் கடல் பெயரளவில்தான் கடல். உண்மையில் அது நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், பரப்பு சுமார் 166 சதுர கிலோமீட்டர், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே அமைந்தது. புனித லூக்கா தம் நற்செய்தியில் அதை ஏரி என்றே எழுதுகிறார். உப்புக் கடலில் வாழும் ஜான் டோரி அந்த நீரில் இருந்திருக்கவே முடியாது. வட அட்லாண்டிக்கில் வாழும் ‘ஹாடக்’ என்ற மீனுக்கும் தோளருகே இதே போன்ற கரும்புள்ளி உண்டு. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அதையும் பேதுருவின் விரல் தடம் என்றனர். அதுவும் கலிலேயாவைக் கண்டதில்லை. தம் கையில் அகப்பட்ட மீனிலேயே திருத்தூதரின் கைத்தடத்தைக் காண ஒவ்வொரு கரையின் மீனவரும் விரும்பினர் என்பதைத்தான் இது காட்டுகிறது. மீனவராயிருந்த திருத்தூதரை மீனவர்கள் தம்மவராகவே கருதியதில் வியப்பென்ன! கதை வரலாறு அன்று என்று சொல்வதால் நற்செய்திக்கு ஒரு குறையும் வராது. நற்செய்தி சொல்லாததை நற்செய்தியின் மேல் ஏற்றிச் சொல்வதே நாம் அஞ்ச வேண்டியது.

அப்படியானால் பேதுருவின் தூண்டிலில் அகப்பட்டது எது? இன்று திபேரியா நகரத்து உணவு விடுதிகளில் திருப்பயணிகளுக்குப் ‘பேதுரு மீன்’ என்று பொரித்து வைக்கப்படுவது அரபு மொழியில் ‘முஷ்த்’ என்று வழங்கும் மீன். முஷ்த் என்றால் சீப்பு. முதுகுத் துடுப்பைப் பார்த்து வைத்த பெயர். இது முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும் இயல்புடையது. ஆகவே வாயில் நாணயம் இருந்த கதைக்குப் பொருத்தமானது என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அந்த ஏரியில் மீன்பிடித்தே வாழ்ந்து அதன் பழைய மீன்பிடி முறைகளை ஆராய்ந்த மெண்டல் நூன் என்பவர் ஒரு தடையை எழுப்பினார். முஷ்த் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது, தூண்டில் இரையை நாடாது, வலையில்தான் அகப்படும். நற்செய்தியிலோ வலை இல்லை, தூண்டில் இருக்கிறது. ஆகவே அது மீசையுள்ள பார்பல் வகை மீனாயிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. விடுதிக்காரர்கள் அம்முடிவால் தம் பட்டியலை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்த முஷ்த் மீனின் நெருங்கிய உறவினர் நம் ஊர்க் குளங்களில் நீந்துகிறார் என்றால் நம்புவீர்களா? உலகம் முழுவதும் ‘திலேப்பியா’ என்று அறியப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. 1840இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து விலங்கியலார் தென் ஆப்பிரிக்க ட்ஸ்வானா மொழியில் மீனைக் குறிக்கும் சொல்லை எடுத்து இலத்தீன் உடை அணிவித்து அப்பெயரை உண்டாக்கினார். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலேப்பியா ஒன்று 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது பெருகிப் பெருகி நம் ஏரி குளங்களை நிறைத்து நாட்டு மீன்களை நெருக்கிற்று. அது தனிக் கதை. நமக்கு வேண்டியது பெயர். திலேப்பியா என்ற வாயில் நுழையாத சொல்லை நம் மக்கள் ‘ஜிலேபி’ ஆக்கினர். இனம் தெரிய ‘கெண்டை’யைச் சேர்த்து ‘ஜிலேபிக் கெண்டை’ என்றனர். மீனுக்கும் இனிப்புக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. தெரியாத ஒலியைத் தெரிந்த ஒலியாக மாற்றிக்கொள்ளும் நாவின் பழக்கம் அது. மொழியறிஞர் இதை மக்கள் வழிச் சொல்லாக்கம் என்பர். ஜான் டோரிக்கு மஞ்சளையும் வாயிற்காவலரையும் தேடிக் கண்டுபிடித்த பெரிய அறிஞர்கள், ஒரு வகையில், நம் மீன்காரப் பாட்டி செய்த வேலையையே செய்தனர். பாட்டி அதை அறிவாராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

அறிவியலார் இம்மீனுக்கு இட்ட பெயரையும் விட்டுவிடக் கூடாது. 1758இல் லின்னேயஸ் இதற்கு ‘ஸீயஸ் ஃபேபர்’ என்று பெயரிட்டார். அவர் அதைப் புதிதாய் உண்டாக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில், ஸ்பெயின் நாட்டுக் காதிஸ் நகரில் பிறந்த உழவு நூலாசிரியர் கொலுமெல்லா, தம் ஊரில் உயர்வாக மதிக்கப்படும் மீன் ‘ஃபேபர்’ என்றும், பழைய வழக்கப்படி அதை ‘ஸீயஸ்’ என்றும் அழைப்பதுண்டு என்றும் எழுதியிருக்கிறார். ‘ஃபேபர்’ என்றால் மரத்திலோ உலோகத்திலோ வேலை செய்யும் கைவினைஞர். துருக்கி மீனவர் இன்றும் இதைத் ‘தச்சர் மீன்’ என்கின்றனர். குரோவாசியர் ‘கொல்லர் மீன்’ என்கின்றனர். முள்ளும் எலும்பும் உளி, இரம்பம் போன்ற கருவிகளை நினைவூட்டுவதாலே என்பர் சிலர். கரி படிந்த கைபோன்ற புள்ளியாலே என்பர் சிலர். நமக்கோ ‘ஃபேபர்’ என்ற சொல் வேறொருவரையும் நினைவுபடுத்த வேண்டும். புனித ஜெரோமின் இலத்தீன் விவிலியத்தில் நம் சூசையப்பரின் தொழிலைக் குறிக்கும் சொல் இதுவே. நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சர் மகன் என்று இளக்காரமாய்ச் சொன்ன இடத்தில் இச்சொல் வருகிறது.

பேதுருவும் ஃபேபரும் ஒரே ஆளில் சேர்ந்த விந்தையும் உண்டு. புனித இஞ்ஞாசியாரின் முதல் தோழர்களில் ஒருவர் பீட்டர் ஃபேபர். 1506இல் பிறந்து 1546இல் இறைவனடி சேர்ந்த இவர், பாரிஸ் நகரில் இஞ்ஞாசியாரோடும், பிற்பாடு நம் முத்துக்குளித்துறை மீனவரிடையே பணிபுரிந்த புனித சவேரியாரோடும் ஓர் அறையில் தங்கிப் படித்தவர். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் புனிதராக அறிவித்தார். ஃபாவ்ர் என்ற அவருடைய குடும்பப் பெயரே ‘ஃபேபர்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. மீனோடு அவருக்குத் தொடர்பில்லை. எனினும் இரண்டு பெயர்களையும் ஒருசேரக் காணும்போது புன்னகை வருகிறது.

பெயரிலேயே சமயம் ஒட்டியிருக்கும் இன்னொரு ஆங்கில மீன் ‘ஹாலிபட்’. எண்ணெய் மாத்திரை வடிவில் அதை அறிந்தவர் நம்மில் உண்டு. ‘பட்’ என்பது தட்டை மீன். ‘ஹாலி’ என்பது ‘ஹோலி’யின் பழைய ஒலிப்பு. புலால் விலக்கிய திருநாட்களில் உண்ட மீன் என்பதால் புனிதத் தட்டை மீன் ஆயிற்று. இங்கே கதையும் உண்மையும் ஒத்துப்போகின்றன. ஆராய வேண்டியது ஒன்றுமில்லை.

இன்றைய வழக்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெற்றோர்க்கும் இது பயன்படும். ‘டோரி’ என்ற பெயர் இப்போது வணிகர் கையில் சிக்கியிருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் உணவுக் கடைகளில் ‘டோரி மீன்’ என்று மலிவு விலையில் விற்கப்படுவது பெரும்பாலும் ஜான் டோரி அன்று. வியட்நாமின் மேக்கோங் ஆற்றுப் படுகையில் குளம் குளமாய் வளர்க்கப்படும் பங்காசியஸ் என்னும் கெளுத்தி இன மீன் அது. பிலிப்பைன்ஸில் அதற்கு ‘கிரீம் டோரி’ என்று பெயர். நம் நாட்டில் ஆந்திரத்தில் அதே மீன் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. நகரத்து உணவு விடுதிகளில் ‘பாசா’ என்ற பெயரில் அவ்வினத்தைக் காணலாம். அது கெட்ட மீன் என்று நாம் சொல்லவில்லை. முள்ளின்றி, மணமின்றி, குழந்தைகளும் உண்ணக் கூடியது. ஆனால் ஆற்றுக் கெளுத்திக்குக் கடல் மீனின் பெயரை ஏன் சூட்ட வேண்டும்? கெளுத்தி என்றால் வாங்கத் தயங்குவோர், டோரி என்றால் வாங்குவர் என்பதால்தான். முன்காலத்தில் மக்கள் அன்பினால் பெயரை மாற்றினர், நா வராமையால் மாற்றினர். இது பணப்பெட்டியை நோக்கிய மாற்றம். மூன்றையும் ஒன்றாக எண்ண நம்மால் இயலவில்லை. சில நாடுகள் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் எந்த மீனை எப்பெயரில் விற்க வேண்டும் என்பதற்கே தரப்பட்டியல் உண்டு. அமெரிக்காவில் 2002இல் வந்த சட்டம், தம் நாட்டுக் கெளுத்திக் குடும்பம் தவிர வேறு எதையும் ‘கேட் ஃபிஷ்’ என்று விற்கக் கூடாது என்றது. உள்நாட்டுப் பண்ணையாரின் நலனும் அதற்குள் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் கீழ்வகுப்புத் தங்கையர், டோரி என்றால் எங்களுக்குத் தெரியுமே என்று கையை உயர்த்துவர். 2003இல் வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ என்ற சித்திரப் படத்திலும், 2016இல் வந்த ‘ஃபைண்டிங் டோரி’யிலும் வரும் மறதிக்கார நீல மீன் அவர்கள் கண்முன் நிற்கும். அதன் பெயர்தான் டோரி, இனம் வேறு. பவளப் பாறைகளில் வாழும், வாலடியில் கத்தி போன்ற முள்ளுடைய மீனினம் அது. நம் கிழமுக மீன் அப்படத்தில் வேடம் கிடைக்காமல் போனதற்கு அதன் முகமே காரணமாயிருக்கலாம்.

இறுதியாக எழுத்து முறை. ஜே, ஓ, எச், என் என்று முதற்சொல்லும், டி, ஓ, ஆர், ஒய் என்று இரண்டாம் சொல்லும் தனித்தனியே எழுதப்படும். பெரும்பாலோர் இரண்டின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக இடுவர். சமையல் நூல்களில் சிறிய எழுத்தாகவும் காணலாம். எதைக் கையாண்டாலும் கட்டுரை முழுவதும் ஒன்றையே கையாள வேண்டும். பன்மையில் மாறுவது டோரி மட்டுமே, ஜான் மாறாது. ஒய் போய் ஐ, ஈ, எஸ் வரும். மீன்களைத் தொகையாகச் சொல்லும்போது ஒருமை வடிவமே பன்மைக்கும் நிற்கலாம். தமிழில் பெயர்க்க நேர்ந்தால் ‘ஜான் டோரி மீன்’ என்று மீனைச் சேர்த்தே எழுதுக; இல்லையேல், ஜான் டோரியை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து என்ற வரியைப் படிப்பவர் திடுக்கிடுவர். பிரெஞ்சு நூலிலிருந்து பெயர்ப்பவர்க்கு இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். ‘சேன் பியேர்’ என்பதை அப்படியே தமிழாக்கினால், வெண்ணெயில் பொரித்த புனித பேதுரு என்று அச்சாகிவிடும்.